எந்தக் கல், யார் புரட்டியது?

கி.மு. 479இல் கிரேக்க நாட்டின் பிளாட்டேயா சமவெளியில் பாரசீகப் படை தோற்றது. படைத்தலைவன் மார்டோனியஸ் களத்திலேயே மாண்டான். தன் கூடாரத்துக்குப் பக்கத்தில் அவன் பெரும்பொருளைப் புதைத்துவைத்திருந்தான் என்ற பேச்சு அந்த வட்டாரத்தில் உலவியது. தீப்ஸ் நகரத்துப் பாலிகிரட்டீஸ் என்பவன் அந்த நிலத்தை விலைக்கு வாங்கித் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. டெல்ஃபிக்குப் போய் அப்பொல்லோ கோயிலில் குறி கேட்டான். ஒவ்வொரு கல்லையும் புரட்டு என்று வாக்கு வந்தது. ஊர் திரும்பி அப்படியே செய்தான், புதையல் கிடைத்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செனோபியஸின் பழமொழித் தொகுப்பில் இந்தக் கதை வருகிறது. கதைதான், என்றாலும் வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. போர் முடிந்து நெடுநாள் கழித்து அந்த ஊர் மக்கள் பொன்னும் வெள்ளியும் நிறைந்த பெட்டிகளைக் கண்டெடுத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எழுதியிருக்கிறார். இந்தக் கதையோடு ஒட்டிவந்த பழமொழியை அறிஞர் எராஸ்முஸ் தமது 'அடாஜியா' தொகுப்பில் லத்தீனில் தந்து ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். கடற்கரையில் கல்லைப் புரட்டி நண்டு பிடிப்பவர்களிடமிருந்து இது வந்திருக்கலாம் என்ற இன்னொரு விளக்கத்தையும் அவர் குறித்துவைத்தார். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த அந்தத் தொடர் இன்று 'லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்டு' என்று உலகம் முழுக்க ஒலிக்கிறது. விமானம் காணாமல் போனால், குழந்தை காணாமல் போனால், அரசுப் பணம் காணாமல் போனால் ஒலிவாங்கியின் முன்னால் நிற்பவர் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆங்கிலத்தில் பெருமுயற்சியைக் குறிக்கும் தொடர்கள் பல உண்டு. தேவாலயத்துக் குழலிசைக் கருவியின் அடைப்புகளை எல்லாம் இழுத்துத் திறப்பதை வைத்து ஒன்று உண்டு. ஆங்கிலக் கவிஞர் மேத்யூ ஆர்னால்டு 1865இல் அந்த உருவகத்தைக் கையாண்டார். ஒரு மைல் வரச் சொன்னவனோடு இரண்டு மைல் போ என்ற மத்தேயு நற்செய்தியின் அறிவுரையிலிருந்து பிறந்தது இன்னொன்று. நம்மிடம் பகீரதப் பிரயத்தனம் உண்டு. இவை எல்லாம் முயல்பவரின் பாட்டை அளக்கின்றன. எவ்வளவு உழைத்தார், எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை காலம் தவம் இருந்தார் என்பதே அவற்றின் கணக்கு. கல்லைப் புரட்டும் தொடர் அளப்பது நிலத்தை. முயன்றவர் வியர்த்தாரா என்று அது கேட்பதில்லை. இன்ன வயல், இத்தனை கல், இவற்றில் புரட்டாதது உண்டா என்று கேட்கிறது. பிறர் போய்ச் சரிபார்க்கக் கூடிய உறுதிமொழி அது. அதனால்தான் அதைச் சொல்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்று நான் நினைக்கிறேன்.

இந்தத் தொடரின் பழைய பயன்பாடு ஒன்று நம்மை எச்சரிக்கிறது. யூரிப்பிடீஸின் 'ஹெராக்ளீஸின் பிள்ளைகள்' நாடகத்தில் அதைச் சொல்பவன் யூரிஸ்தியஸ். ஹெராக்ளீஸ் இறந்த பின்னும் அவனுடைய பிள்ளைகளை ஊர் ஊராகத் துரத்திய அரசன் இவன். வளர்ந்தால் பழிவாங்குவார்கள் என்ற பயத்தில் எல்லாக் கல்லையும் நகர்த்த வேண்டியிருந்தது என்று, பிடிபட்ட நிலையில், தன் செயலுக்குக் காரணம் சொல்கிறான். ஏதிலிகளைத் தேடிக் கொல்லவும் இதே தொடர்தான் உதவியது. முயற்சியின் அளவு அதன் நோக்கத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடாது.

இன்னொன்று வழக்குமன்றத்திலிருந்து வருகிறது. ரோமானிய வழக்கறிஞர் இளைய பிளினி வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சகவழக்கறிஞர் ரெகுலஸோடு நடந்த உரையாடலைச் சொல்கிறார். வழக்கில் உள்ள எல்லாவற்றையும் நீர் துருவிக்கொண்டிருக்கிறீர், நான் குரல்வளை எது என்று பார்த்ததும் அதை நெரிப்பேன் என்கிறார் ரெகுலஸ். நீர் குரல்வளை என்று பிடிப்பது முழங்காலாகவோ கணுக்காலாகவோ இருந்துவிடலாமே என்று பிளினி திருப்பிக் கேட்கிறார். எனக்குக் குரல்வளை தெரிவதில்லை, அதனால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி, கல்லைப் புரட்டும் கிரேக்கத் தொடரை அங்கே கொண்டுவருகிறார்.

தேடல் பற்றிய மிகக் கூரிய விவாதங்களில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்கே குவிவதா, ஊகத்தை நம்பாமல் எங்கும் பரவுவதா? ஊகம் தவறினால் எல்லாம் வீண். எங்கும் பரவினாலோ நேரமும் பணமும் தீர்ந்துபோகும், உயிரோடு இருப்பவரைத் தேடும்போது உயிரும் போய்விடும். பிளினிக்கும் ரெகுலஸுக்கும் இடையில் நடுவர் ஒருவர் தேவைப்பட்டார். அவர் வர ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1942இல் அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கக் கடற்படை அறிவியலர்களைத் திரட்டி ஒரு குழு அமைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் பெர்னார்டு கூப்மன் அதில் சேர்ந்தார். விமானத்திலிருந்து கடலைப் பார்க்கும் ஒருவர் நீர்மூழ்கியைக் காணும் வாய்ப்பு எவ்வளவு, தொலைவு கூடக்கூட அது எப்படிக் குறைகிறது, கையில் உள்ள விமான நேரத்தை எந்தப் பரப்பில் எவ்வளவு செலவிடுவது என்று அவர் கணக்கிட்டார். போர் முடிந்தபின் 1946இல் அறிக்கையாக வந்த அந்த வேலை பல ஆண்டுகள் இராணுவ இரகசியமாக இருந்தது. கடலோரக் காவல் படைகளின் மீட்புத் தேடல்களுக்கு இன்றும் அடிப்படை அதுதான்.

கூப்மன் காட்டியவற்றில் ஒன்று கணிதம் அறியாதவரையும் யோசிக்கவைக்கும். ஒரு பரப்பு முழுவதையும் ஒருமுறை மூடப் போதுமான உழைப்பை அங்கும் இங்குமாக ஒழுங்கின்றிச் செலவிட்டால், அங்கே இருக்கும் பொருள் கண்ணில் படும் வாய்ப்பு 63 விழுக்காடுதான். உழைப்பை இருமடங்காக்கினால் 86, மும்மடங்காக்கினால் 95. எவ்வளவு கூட்டினாலும் நூறு வருவதில்லை. நம் நாளிதழ்கள் காவல்துறை 'சல்லடை போட்டுத் தேடியது' என்று எழுதும். சல்லடைக்குக் கண் உண்டு, கண்ணின் அளவைச் சொல்லாமல் சலித்தேன் என்பது பாதிச் செய்திதான். மூடுபனியில் பறந்த விமானத்தின் கண் பெரிது. அசதியில் பார்ப்பவரின் கண் அதைவிடப் பெரிது. கல் புரட்டப்பட்டிருக்கலாம், அடியில் இருந்தது பார்க்கப்படாமலும் போயிருக்கலாம்.

1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே அமெரிக்காவின் பி-52 போர்விமானம், வானிலேயே எரிபொருள் நிரப்ப வந்த விமானத்தோடு மோதிச் சிதறியது. அதில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் இருந்தன. மூன்று தரையில் கிடைத்தன. நான்காவது மத்தியதரைக் கடலில் விழுந்தது. கப்பல்கள், முக்குளிப்பவர்கள், ஆல்வின் என்ற ஆழ்கடல் கலம், வாய்ப்புக் கணக்குப் போடும் கணித வல்லுநர்கள் என்று பெரும்படையே இறங்கியது. உள்ளூர் மீனவர் ஃபிரான்சிஸ்கோ சிமோ ஓர்ட்ஸ் அன்று கடலில் இருந்தார். பாராசூட் ஒன்று விழுவதைப் பார்த்திருந்தார். எந்த இடம் என்று காட்டவும் செய்தார். கரையின் அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் குறிப்பது மீனவருக்குக் கைவந்த கலை. அவர் காட்டிய பகுதியை ஒட்டித்தான் மார்ச் நடுவில் ஆல்வின் குண்டைக் கண்டது. ஏப்ரல் 7 அன்று மேலே கொண்டுவந்தார்கள். அவர் பிறகு 'குண்டுக்காரர் பாக்கோ' என்று பேர்பெற்றார். ஊர்க்காரரின் சொல்லுக்குக் கணக்கில் எவ்வளவு எடை கொடுப்பது என்பதும் தேடலின் ஒரு பகுதி என்பதை அந்த நிகழ்ச்சி உலகுக்குக் காட்டியது.

ஏர் பிரான்ஸ் 447 தேடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் போன அந்த விமானம் 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. கடைசியாக அது இருந்த இடம் தானியங்கிச் செய்தி மூலம் தெரிந்திருந்தது. அந்தப் புள்ளியைச் சுற்றி 40 கடல்மைல் ஆரத்தில் வட்டம் போட்டார்கள். சில நாட்களில் மிதக்கும் சிதைவுகளும் உடல்களும் கிடைத்தன. விமானப் பதிவுக் கருவிகளில் பொருத்தியிருக்கும் ஒலிப்பான்கள் சுமார் 30 நாள் ஒலியெழுப்பும். கப்பல்கள் கேட்புக் கருவிகளை நீருக்குள் இழுத்துக்கொண்டு, விமானத்தின் வழித்தடத்தை ஒட்டிய கடலை முதலில் கேட்டு முடித்தன. ஒலி இல்லை. ஆகவே அங்கே விமானம் இல்லை என்று கொண்டு, அடுத்தடுத்த கட்டங்களில் தேடல் வேறு பக்கம் நகர்ந்தது. மிதந்த பொருட்கள் நீரோட்டத்தில் எப்படி வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு 2010இல் இன்னொரு பகுதியில் தேடினார்கள். அங்கும் இல்லை.

பிரான்சின் விபத்துப் புலனாய்வு அமைப்பு பிறகு அமெரிக்காவின் மெட்ரான் நிறுவனத்தை அணுகியது. மெட்ரான் செய்தது, அதுவரை நடந்த எல்லாத் தேடல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அது எவ்வளவு நம்பத்தக்கது என்று எடைபோட்டதுதான். ஒலிப்பான்கள் இரண்டும் மோதலில் பழுதாகிவிட்டிருந்தால்? அப்படியானால் அந்த மௌனத்துக்குப் பொருளே இல்லை. கேட்டு முடித்ததாகக் கணக்கில் எழுதிய கடல் திரும்பவும் கேட்கப்படாத கடலாகிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தைக் கணக்கில் ஏற்றியதும் வாய்ப்பு கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில், முதலில் கடந்துபோன பகுதியில் வந்து குவிந்தது. 2011 மார்ச் இறுதியில் தானியங்கிக் கலங்கள் அங்கே இறங்கின. ஏப்ரல் 3 அன்று சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில், கடைசிப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 6.5 கடல்மைல் தொலைவில் சிதைவு கிடைத்தது. மே தொடக்கத்தில் பதிவுக் கருவிகள் மேலே வந்தன. மீட்கப்பட்ட ஒலிப்பானைச் சோதித்தபோது அது இயங்கவில்லை.

கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள். முதல் கட்டத்தில் இருந்தவர்கள் சோம்பேறிகளும் அல்ல, கவனமற்றவர்களும் அல்ல. தங்களுக்குக் கிடைத்த கருவியை முழுமையாக நம்பினார்கள், அவ்வளவுதான். எல்லாக் கல்லையும் புரட்டினோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கடலை, எந்தக் கருவியால், எந்த நாளில் பார்த்தோம் என்று அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் மெட்ரான் எதைத் திருத்தியிருக்க முடியும்? தேடியும் கிடைக்காதபோது அடுத்தவருக்கு விட்டுச்செல்லக் கூடியது அந்தப் பதிவு மட்டும்தான்.

2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் எம்.எச். 370 இன்னும் கடினமான பாடம். தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடியில் 1,20,000 சதுர கிலோமீட்டரைத் துழாவி, 2017 ஜனவரியில் தேடலை நிறுத்திவைத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு ஆஸ்திரேலியப் புலனாய்வு அமைப்பே கூட்டிய வல்லுநர்கள், தேடிய பகுதிக்கு வடக்கே 25,000 சதுர கிலோமீட்டரில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கூறியிருந்தார்கள். 2018இல் ஒரு தனியார் நிறுவனம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சதுர கிலோமீட்டரைத் தேடியது. அப்போதும் கிடைக்கவில்லை. கிடைத்தால்தான் கூலி என்ற நிபந்தனையில் 2025 மார்ச்சில் மலேசிய அரசு அதே நிறுவனத்தோடு மீண்டும் ஒப்பந்தம் போட்டது. ஆஸ்திரேலிய அமைப்பு 2017 அக்டோபரில் வெளியிட்ட இறுதி அறிக்கையை நான் மதிப்பதற்குக் காரணம் உண்டு. தோல்வியை மறைக்காமல், எந்தப் பகுதி எவ்வளவு நம்பிக்கையோடு பார்க்கப்பட்டது, எங்கே இடைவெளிகள் உள்ளன என்று வரைபடமாகவே கொடுத்தார்கள். துழாவும்போது அகப்பட்ட 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்களின் சிதைவுகளும் அந்தப் பதிவில் இருக்கின்றன. உறவுகளை இழந்தவர்களுக்கு இது ஆறுதலாகாது. ஆனாலும் அவர்களிடம் உண்மை சொல்லப்பட்டது.

இனி எதிர்ப்பக்கம். ஒன்று இருக்கிறது என்று காட்ட ஒருமுறை கண்டால் போதும். ஒன்று எங்குமே இல்லை என்று காட்டுவது எப்படி? அங்கேதான் ஒரு கல்லையும் விடக்கூடாது என்ற சொல் முழு எடையோடு நிற்கிறது. பெரியம்மை ஒழிப்பில் இந்தியா அதைச் செய்தது.

1973 இலையுதிர் காலத்தில் உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் வீடு வீடாகத் தேடத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு சுகாதார நிலையங்களுக்கு வந்த கணக்கை வைத்தே நோய் எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள். முதல் தேடலிலேயே ஆயிரக்கணக்கான பதிவாகாத நோயாளிகள் வெளிப்பட்டார்கள். நோய் கூடிவிட்டது என்று சிலர் பதறினார்கள். உண்மையில் கூடியது பார்வைதான். அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதுபோல் யாரையாவது பார்த்தீர்களா என்று பணியாளர்கள் கதவு தட்டிக் கேட்டார்கள். சந்தைகளிலும் பள்ளிகளிலும் கேட்டார்கள். தகவல் சொல்பவருக்குப் பரிசு அறிவித்து, நோய் அருகிவர அருகிவர அந்தத் தொகையை உயர்த்தினார்கள். கடைசியில் அது 1,000 ரூபாயைத் தொட்டது.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி வேறொன்று. தேடியவர்கள் போன பின்னால், தேடலில் பங்கில்லாத மதிப்பீட்டாளர்கள் சில கிராமங்களைத் தெரிந்தெடுத்துப் போய், உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா, படம் காட்டினார்களா என்று விசாரித்தார்கள். போதிய வீடுகளுக்குப் போகவில்லை என்று தெரிந்தால் அந்தப் பகுதியை மீண்டும் தேட வேண்டும். புரட்டியவரே சாட்சி சொல்வது போதாது என்று 1974இல் பிகாரில் வெயிலிலும் வெள்ளத்திலும் வேலை பார்த்த அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு பிகாரில் பெரியம்மை பல்லாயிரம் பேரைக் கொன்றது. அத்தனை அழுத்தத்துக்கு நடுவிலும் சரிபார்க்கும் வேலையைக் கைவிடாததுதான் வெற்றிக்கு முதற்காரணம் என்பது என் முடிவு.

1975 மே 24 அன்று அசாமின் கரீம்கஞ்சில் வங்கதேசத்திலிருந்து வந்த சைபன் பீபி என்ற பெண்ணுக்கு நோய் கண்டது. இந்தியாவின் கடைசி நோயாளி அவர். தேடியவர்கள் அதைக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. மேலும் இரண்டு ஆண்டுகள், நோயே இல்லாத நாட்டில் நோயைத் தேடினார்கள். காய்ச்சலும் கொப்புளமும் கண்ட ஐயத்துக்குரியவர்களிடமிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். 1977 ஏப்ரலில் பன்னாட்டு ஆணையம் வந்து பதிவேடுகளையும் ஊர்களையும் பார்த்த பிறகே இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று சான்று கொடுத்தது. உலகத்துக்கான அறிவிப்பு 1980 மே 8 அன்று வந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று மனிதர்கள் சொன்னவற்றில், தயக்கமின்றி நம்பத்தக்கது இது.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு அன்றாடச் செய்திக்குத் திரும்பினால் மனம் வலிக்கிறது. காணாமல் போன குழந்தையைப் பற்றிய புகாரை வழக்காகப் பதிவதற்கே இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் ஆணையிட வேண்டியிருந்தது. இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆணைக்குழுக்கள் வந்தன, அலுவலகம் திறந்தது, அமைச்சர்கள் உறுதி கூறினார்கள். தாய்மார் கேட்டது உறுதிமொழியை அல்ல. தங்கள் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்தோம், அவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, எந்த முகாமில் யார் விசாரித்தார் என்பதற்கான பதிலைக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் 1999இல் தோண்டியபோது உடல்கள் கிடைத்தன. அதே செம்மணியில் 2025இல் மீண்டும் தோண்டியபோது மேலும் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. இடையில் 26 ஆண்டுகள். பாலிகிரட்டீஸுக்குக் கிடைத்த வாக்கு இந்தத் தாய்மாருக்கு அரசிடமிருந்து கிடைக்கவில்லை.

எல்லா வழியிலும் தேடுவோம் என்று ஓர் அதிகாரி சொன்னால் அதை முடிவுச் செய்தியாக அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டாம் என்று செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த இடங்கள், எந்த நாளில், எந்த முறையில் பார்க்கப்பட்டன, எவை விடுபட்டன, பார்த்ததை வேறு யார் சரிபார்த்தார் என்று அங்கேயே கேளுங்கள். வாசகர்களும் கேட்கலாம். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு வழி தருகின்றன. நடந்துகொண்டிருக்கும் புலனாய்வுக்கு இடையூறாகும் தகவலை மறுக்க இடமுண்டு. முடிந்துபோன தேடலின் கணக்கை மறுக்க அந்தக் காரணம் செல்லாது. இந்தியாவில் பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு எழுத ஒரு வெள்ளைத் தாள் போதும்.